தாமரைச்செல்வி வளையலைக் கழற்றிய காரணம்

வளையலைக் கழற்றிவிட்டாளாம். ஆமாம், கழற்றினாள். யார் இல்லை என்றது? இந்தக் கையில் ஆறு, அந்தக் கையில் ஆறு, பச்சைக் கண்ணாடி வளையல். அத்தனையும் கழற்றி, பிரட் வந்த கவரில் சுற்றி, பைக்குள் போட்டாள். புருஷன் உள்ளே மூச்சோடு படுத்திருக்கும்போதே கழற்றினாள். அதைச் சொல்லுகிற வாய், ஏன் கழற்றினாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாதியைச் சொல்லிவிட்டுப் போனால் அது சேதி இல்லை, வயிற்றெரிச்சல்.

அப்புறம் இன்னொன்று, புருஷனை அடைத்து வைத்தாளாம். நாற்பத்தொரு நாள் சொந்தபந்தம் யாரையும் கிட்டே விடவில்லையாம். அந்த அறைக்குக் கதவு இருந்தது, கதவில் கண்ணாடி இருந்தது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அரியாங்குப்பத்தில் பாதிப் பேர் பார்த்துவிட்டு வந்தார்கள். அடைத்து வைக்கிறவள் கண்ணாடி போட்ட கதவிலா அடைப்பாள்? எங்கள் தெருவில் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் கேட்கத் தோன்றாது. கேட்டால் பேச்சு சீக்கிரம் முடிந்துபோகும்.

தாமரைச்செல்வி பாகூர்ப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். கண்ணையனுக்கு வாக்கப்பட்டு அரியாங்குப்பம் வந்து இருபத்து நாலு வருஷம் ஆகிறது. பவுடர் கம்பெனியில் டப்பாவுக்கு மூடி போடுகிற வேலை. அவளிடம் ஒரு குணம் உண்டு, அடுத்தவர் சிரமப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். பஸ்ஸில் யாராவது பிள்ளையோடு ஏறினால், அவர்கள் கேட்கும் முன்னே பிள்ளை இவள் மடியில் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்காருவதற்குப் பதில் பரிமாறுவாள். பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா என்றுகூடச் சில நேரம் தெரியாது. இப்படிப்பட்டவளைத்தான் ஈரமில்லாதவள் என்கிறார்கள்.

கண்ணையனுக்குக் குட்டி யானை வண்டி ஓட்டம். டைல்ஸ் ஏற்றிக்கொண்டு போவான். ஆடி மாதம் தவளக்குப்பம் முனையில் ஒரு பஸ் வந்து பக்கவாட்டில் இடித்ததில், இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்து வெளியே வந்துவிட்டது. டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்றைக்கே ஆபரேஷன். உள்ளே பிளேட் வைத்து, திருகாணி போட்டு, தையல் போட்டு, கீழ்த்தளத்துப் பொது வார்டில் மூன்றாவது கட்டிலில் படுக்க வைத்தார்கள். பத்து நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர் நெடுமாறன். எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது.

அந்த வார்டில் எட்டுக் கட்டில். எட்டுக் கட்டிலுக்கும் கூட இருக்கிறவர்கள் எட்டுப் பேர். இரண்டு நாள் போனால் வார்டு ஒரு குடும்பம் ஆகிவிடும், அது ஊர் வழக்கம். ஒருத்தி டீ வாங்கப் போனால் எட்டுப் பேருக்கும் வாங்கி வருவாள். ஒருத்தி குளிக்கப் போனால் அவள் ஆளை அடுத்தவள் பார்த்துக்கொள்வாள். பார்க்க வருகிற சொந்தக்காரர்களும் ஒரு கட்டிலோடு போக மாட்டார்கள். வந்தது வந்தோம் என்று எட்டுக் கட்டிலையும் விசாரித்து, கையைத் தொட்டு, நெற்றியைத் தொட்டு, "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். சொல்லாமல் போனால் கட்டிலில் இருக்கிறவர் கோபித்துக்கொள்வார். கண்ணையனைப் பார்க்க முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரே வேனில் இருபத்து மூன்று பேர் வந்தார்கள். சாத்துக்குடி மட்டும் ஒன்பது கிலோ.

நாலாவது கட்டிலில் அன்வருதீன் பாய். தையற்கடை வைத்திருந்தவர், சர்க்கரைப் புண் காலில். வேறொரு ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்துவிட்டு இங்கே வந்திருந்தார். அவர் சம்சாரம் கனீஸ் பாத்திமாவுக்கு மூச்சிரைப்பு. சமைத்து எடுத்துக்கொண்டு மத்தியானம்தான் வர முடியும். காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் பாய்க்கு யார்? தாமரைச்செல்விதான். தண்ணீர் கொடுத்தாள், இட்லி பிட்டு ஊட்டினாள், காலுக்கு அடியில் தலையணை வைத்தாள், புண்ணில் வழிந்ததைப் பஞ்சால் ஒற்றினாள். மூத்திரப் பை நிரம்பினால் நர்ஸைத் தேடாமல் தானே கொட்டிவிட்டு வந்தாள்.

"ஏம்மா, இதெல்லாம் நீ செய்யலாமா?" என்று பாய் கூச்சப்படுவார்.

"ஏன் பாய், எங்க அப்பாருக்குச் செய்யலயா நானு?" என்பாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே மூன்றாவது கட்டிலுக்குத் திரும்பி, கண்ணையன் காலில் கட்டு நழுவியிருந்தால் இழுத்து விடுவாள்.

ஒன்பதாம் நாள் கண்ணையனுக்குக் குளிர்க் காய்ச்சல். தையல் ஓரம் சிவந்து, மறுநாள் சீழ் வந்தது. ஊசி போட்டார்கள், கேட்கவில்லை. ஊசியை மாற்றினார்கள், அதுவும் கேட்கவில்லை. சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியதில் மூன்றாம் நாள் ஒரு காகிதம் வந்தது. இருபத்தொரு மருந்தின் பெயர் வரிசையாக இருந்தது. இருபதுக்கு நேராக ஒரே எழுத்து. கடைசி ஒன்றுக்கு மட்டும் வேறு எழுத்து.

பூர்ணிமா என்று ஒரு சிஸ்டர், ஆஸ்பத்திரிக்குள்ளே தொற்று பரவாமல் பார்ப்பதற்கென்றே வைத்திருந்த பெண். அவள்தான் தாமரைச்செல்வியைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள்.

"இருபது மருந்தும் இந்தக் கிருமிக்குப் பழகிப் போச்சுக்கா. குடுத்தா கேக்காது. மிச்சம் ஒண்ணே ஒண்ணு இருக்குது. அது பழைய மருந்து. ஆனா கிட்னிய அடிக்கும். தினம் ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்துதான் போடணும்."

"மருந்துக்குப் பழகுமா சிஸ்டர் கிருமி?"

"காய்ச்சல்னா கடையில ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கிறோம். கொஞ்சம் நல்லானா மீதிய வச்சுடறோம். அரை அடி வாங்கின திருடன் சும்மா இருப்பானா? தப்பிக்க வழி கத்துக்கிட்டுதான் மறுபடி வருவான். ஊர் முழுக்க அப்படித்தான் பண்றோம். கோழிப் பண்ணையில கோழிக்கும் குடுக்கறாங்க. கடைசில எல்லாக் கிருமியும் ஆஸ்பத்திரியிலதான் வந்து சேருது."

"எங்க வீட்டுக்காரருக்கு எப்படி வந்துச்சு? அவருக்குக் கால்தானே உடைஞ்சுது."

பூர்ணிமா கொஞ்சம் யோசித்தாள். "கைலதான் வரும்க்கா. தொட்ட கைய கழுவாம இன்னொருத்தரைத் தொட்டா வரும். டாக்டர் கையா இருக்கலாம், நர்ஸ் கையா இருக்கலாம், பார்க்க வந்தவங்க கையா இருக்கலாம். யார் கைன்னு யாராலயும் சொல்ல முடியாது. நாலாவது கட்டில் பாய்க்கும் இதே கிருமிதான் இருக்குது."

தாமரைச்செல்வி தன் கையைப் பார்த்தாள். யாராலும் சொல்ல முடியாது என்று பூர்ணிமா சொன்னது அவளுக்காகச் சொன்னது இல்லை, நிஜமாகவே சொல்ல முடியாது. ஆனால் தாமரைச்செல்வி அங்கேயே முடிவு கட்டிவிட்டாள், அது தன் கைதான் என்று. அன்றிலிருந்து அவளை யாராலும் அசைக்க முடியவில்லை. சொல்லப்போனால் மற்றவர்களை அவள் அசைய விடவில்லை.

டாக்டர் நெடுமாறன் பிளேட்டைக் கழற்றிவிட்டு, காலுக்கு வெளியே வளையமும் கம்பியும் வைத்து முடுக்கினார். "கிருமி முழங்காலுக்கு மேல ஏறிடக் கூடாது. ஏறினா உயிருக்கு ஆபத்து. அப்புறம் காலை எடுக்கிறத தவிர வழி இல்ல" என்றார்.

கண்ணையன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். "இது இடது கால் சார். கிளட்ச் இதாலதான் மிதிக்கணும்" என்றான்.

கண்ணையனை ஒரு தனி அறைக்கும் பாயைப் பக்கத்து அறைக்கும் மாற்றினார்கள். ஒருவர் மட்டும் கூட இருக்கலாம். பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவராக, கை கழுவி, கவுன் போட்டு, கையுறை போட்டுத்தான் உள்ளே வர வேண்டும். முழங்கைக்குக் கீழே மோதிரம், வளையல், கயிறு, வாட்ச் ஒன்றும் கூடாது. இடுக்கில் கிருமி தங்கும். பூர்ணிமா இதைச் சொல்லிவிட்டுத் தாமரைச்செல்வியின் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளும் தமிழ் வீட்டுப் பெண்தானே, சுமங்கலியிடம் எப்படிக் கேட்பாள்? தாமரைச்செல்வி கேட்கவைக்கவில்லை. வலது கையிலிருந்து தொடங்கினாள். ஒன்று கழறவில்லை, சோப்புப் போட்டுக் கழற்றினாள்.

மொட்டைக் கையோடு உள்ளே போனவளைக் கண்ணையன் பார்த்தான்.

"என்னா, அதுக்குள்ள என்னை முடிச்சுட்டியா?" என்றான்.

"வாய மூடிக்கினு படுங்க" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்ணையனின் அக்கா செல்வாம்பாள் வேன் பிடித்து வந்தாள். பதினாலு பேர். வீராம்பட்டினம் அம்மன் கோயிலில் அர்ச்சனை பண்ணின குங்குமம், எலுமிச்சம்பழம், ஒரு பாட்டில் தீர்த்தம். கதவுக்கு முன்னால் தாமரைச்செல்வி நின்றாள்.

"தள்ளு, தம்பிய பார்க்கணும்."

"ஒவ்வொருத்தராத்தான் போகணும் அண்ணி. மொதல்ல நீங்க போங்க. கை கழுவிட்டு, இந்தக் கவுனைப் போட்டுக்கினு..."

"நான் தூக்கி வளர்த்த புள்ளைய நான் பார்க்க உன் பர்மிஷன் வேணுமா?"

"எனக்கே பர்மிஷன் இல்ல அண்ணி. நானும் கவுன் போட்டுத்தான் போறேன்."

செல்வாம்பாள் கவுனை வாங்கி விரித்துப் பார்த்தாள். "இத போட்டுக்கினு போனா அவனே பயந்துக்குவான்" என்றாள். ஆனாலும் போட்டுக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள். அப்போதுதான் வளையலைக் கழற்ற வேண்டும் என்று தாமரைச்செல்வி சொன்னாள். செல்வாம்பாளின் கண் அவள் கைக்குப் போனது. பின்னால் நின்ற பதின்மூன்று பேர் கண்ணும் போனது.

"கழட்டிட்டியா?"

"கழட்டிட்டேன்."

"அடிப்பாவி. அவன் உள்ள உசுரோட கெடக்கிறான்டி."

"உசுரோட இருக்கணும்னுதான் அண்ணி கழட்டினேன்."

இந்தப் பதிலை வேனில் வந்தவர்கள் ஊருக்குக் கொண்டுவரவில்லை. கேள்வியை மட்டும் கொண்டுவந்தார்கள். செல்வாம்பாள் கழற்ற மாட்டேன் என்று சொல்லி, கண்ணாடி வழியாகத் தம்பியைப் பார்த்து அழுதாள். உள்ளேயிருந்து கண்ணையன் கையை ஆட்டினான். குங்குமத்தை அவன் நெற்றியில்தான் வைப்பேன் என்றாள். தாமரைச்செல்வி முடியாது என்றாள். கடைசியில் கதவின் நெற்றியில் வைத்துவிட்டுப் போனாள். துப்புரவுக்கு வந்த பெண் அரை மணி நேரத்தில் துடைத்துவிட்டாள். தீர்த்தம் என்ன ஆனது என்று தெரியவில்லை. வேன் டிரைவர் தாகத்துக்குக் குடித்தான் என்று ஒரு பேச்சு உண்டு.

சாயங்காலத்துக்குள் அரியாங்குப்பத்தில் சேதி பரவியது. கிருமி அவ்வளவு வேகமாகப் பரவவில்லை. சொல்தா வீட்டுக் காத்தவராயன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் மகன், எல்லாம் தெரிந்தவர் என்று பெயர். "ஆஸ்பத்திரிக்குப் போனா வியாதி போகும். ஆஸ்பத்திரியே வியாதி குடுத்துச்சுன்னு எங்கயாவது உண்டா? இது வேற எதோ வியாதி, மறைக்கிறா" என்றார். அவர் சொன்னால் அதற்கு மேல் தெருவில் அப்பீல் கிடையாது. விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்த மகளை ஏன் வரவிடவில்லை என்று வேறு கேட்டார்கள். அந்தப் பெண்ணுக்குக் கைக்குழந்தை. இருபத்தெட்டு நாள் பிள்ளையை அந்த இடத்துக்குத் தூக்கி வருவாளா?

சொந்தக்காரர்களை மட்டும் நிறுத்தினாள் என்று சொல்கிறவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் காலையில் டாக்டர் நெடுமாறன் ஐந்து சின்ன டாக்டர்களோடு வேகமாக வந்தார். பக்கத்து அறையில் பாயின் புண்ணைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்தார்.

"சார், கை" என்றாள் தாமரைச்செல்வி.

அவர் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். ஐந்து பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

"கை கழுவிட்டு வாங்க சார்."

டாக்டர் போய்க் கழுவினார். அவருக்குப் பின்னால் ஐந்து பேரும் வரிசையில் நின்று கழுவினார்கள். மறுநாளிலிருந்து அறைகளுக்கு முன்னால் உள்ள அந்த நடையில் கால் வைக்கும்போதே எல்லாரும் கழுவினார்கள். இரண்டு வருஷமாக நோட்டீஸ் ஒட்டி நடக்காதது நடந்தது என்று பூர்ணிமா சொன்னாள்.

இதெல்லாம் சிரிப்பாக இருக்கிறது. சிரிப்பு வராத ஒன்றும் நடந்தது.

பாயின் அறை பக்கத்து அறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஒரு நாள் பத்து மணி இருக்கும், பாய் தண்ணீர் கேட்டார். முதலில் மெதுவாகக் கேட்டார். அப்புறம், "தாமரை, ஏம்மா தாமரை" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த அறைக்குள் போய்வந்தால் இந்த அறைக்குள் வரக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். கவுன் மாற்றிக் கை கழுவி வந்தால் வரலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவள் தன் கையை நம்பவில்லை. நடையில் நின்று நர்ஸைக் கூப்பிட்டாள். அப்போது வேறொருவருக்கு மூச்சுத் திணறல் என்று நர்ஸ்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். மறுபடி கூப்பிட்டாள். பாயும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் ஆனது ஒரு நர்ஸ் வந்து தண்ணீர் கொடுக்க. அந்தப் பத்து நிமிஷமும் தாமரைச்செல்வி இரண்டு கதவுக்கும் நடுவில், கையை மார்போடு கட்டிக்கொண்டு நின்றாள். இருபத்து நாலு வருஷத்தில் ஒருவர் கேட்டு அவள் கொடுக்காத முதல் தண்ணீர் அதுதான்.

மூன்றாம் நாள் பாய்க்குக் கிருமி ரத்தத்தில் கலந்தது. நாலாம் நாள் போய்விட்டார்.

கனீஸ் பாத்திமா சாமான்களை எடுத்துப் போக வந்தபோது தாமரைச்செல்வி நடையில் அவளை நிறுத்தினாள். சொல்லாமல் இருந்திருக்கலாம், யாரும் கேட்கவில்லை.

"அக்கா, பாய் அன்னிக்குத் தண்ணி கேட்டாரு. நான் போகல."

"நர்ஸு சொன்னாங்க."

"உங்க வீட்டுக்காரருக்குச் செஞ்ச கையாலதான் எங்க வீட்டுக்காரருக்கு வந்துச்சுன்னு நெனைக்கிறேன். அதான் அப்புறம் கைய வெளிய நீட்ட பயம்."

கனீஸ் பாத்திமா மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டாள். "இவருக்கு அது எந்த ஆஸ்பத்திரியில எந்தக் கையால வந்துச்சோ தெரியல. நான் யாரைப் போய்க் கேக்குறது?" என்றாள். கேரியரின் கைப்பிடியை நிமிர்த்திவிட்டு, "உன் கையால சாப்பிட்ட நாள்ல எல்லாம் ரெண்டு இட்லி சேத்துச் சாப்பிட்டாரு" என்றாள். "உன் வீட்டுக்காரரையாவது பார்த்துக்க." அவள் எழுந்து போன பிறகு தாமரைச்செல்வி போய்க் கை கழுவினாள். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் கழுவினாள் என்று பூர்ணிமா சொன்னாள்.

கண்ணையனுக்கு அந்தக் கடைசி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. தனி அறைக்கு வந்த பதினாறாம் நாள் கிட்னிக் கணக்கு ஏறியது. மருந்தைக் குறைத்தார்கள், காய்ச்சல் ஏறியது. மருந்தைக் கூட்டினார்கள், முகம் வீங்கியது. காலை எடுத்துவிட்டால் மருந்தை நிறுத்திவிடலாம், கிட்னியாவது தப்பும், நாளைக்குள் சொல்லுங்கள் என்றார் டாக்டர் நெடுமாறன். தாமரைச்செல்வி செல்வாம்பாளுக்குப் போன் பண்ணிக் கேட்டாள். "கதவைச் சாத்தறப்ப என்னைக் கேட்டியா? இப்ப எதுக்குக் கேக்குற?" என்று செல்வாம்பாள் போனை வைத்துவிட்டாள். கண்ணையனைக் கேட்டாள்.

"நீ என்னா சொல்ற?" என்றான்.

"இன்னும் மூணு நாள் பார்க்கச் சொல்லலாம். மூணு நாள்ல எறங்கலன்னா எடுத்துடட்டும். எனக்குக் கிளட்ச்சு முக்கியமில்ல, நீங்கதான் முக்கியம்."

"அப்ப வண்டிய யார் ஓட்டுறது?"

"நான் கத்துக்கறேன்."

அவள் ஓட்டிப் போவதை நினைத்துப் பார்த்தானோ என்னவோ, மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மருந்துதான் இறக்கியது, அதில் சந்தேகம் இல்லை. கிட்னியும் மெல்லத் திரும்பியது. முப்பதாம் நாளும் முப்பத்தேழாம் நாளும் புண்ணை எடுத்துப் பரிசோதித்ததில் கிருமி வளரவில்லை. கால் ஒரு விரற்கடை குட்டையாக இருக்கும் என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

நாற்பத்தொன்றாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு அனுப்பினார்கள். சக்கர நாற்காலி கொண்டுவந்து நிறுத்தினார்கள். கண்ணையன் ஏற மாட்டேன் என்றான். "கால் இருக்குதுல்ல" என்றான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, வளையமும் கம்பியும் மாட்டிய காலைத் தூக்கி வைத்து, ஒவ்வொரு அடியாக நடந்தான். வாசலுக்குப் போகிற வழி பொது வார்டைத் தாண்டித்தான். தாமரைச்செல்வி இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். வாசலுக்கு வெளியே செல்வாம்பாள் ஆரத்தித் தட்டோடு, ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து நிற்கிறாள் என்று வாட்ச்மேன் வந்து சொன்னார்.

பொது வார்டில் மூன்றாவது கட்டிலில் புதிதாக ஒரு கிழவர். அவர் மகள் போலிருக்கிறது, ஒரு பெண், வெறும் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தாள். கிழவர் கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறார், விட்டால் விழுந்துவிடுவார்.

"அக்கா, கொஞ்சம் இவரைப் பிடிச்சுக்குங்களேன். தண்ணி பிடிச்சுக்கினு ஓடியாந்துடறேன்" என்றாள்.

தாமரைச்செல்வி நின்றாள். கண்ணையன் திரும்பிப் பார்த்தான். அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவனுக்குத் தெரியும். "நான் போயிக்கினு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

அவள் பைகளைக் கீழே வைத்தாள். "ஒரு நிமிஷம் இரு" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். வார்டு மூலையில் இருந்த தொட்டிக்குப் போய், சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல், மணிக்கட்டு என்று முப்பது எண்ணிக் கழுவினாள். அந்தப் பெண் பாட்டிலோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாமரைச்செல்வி வந்து கிழவரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பெண் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்ததும், "கைய கழுவிட்டு வந்து குடு. அவரைத் தொட்டுட்டு மத்த கட்டில் எதையும் தொடாத. தொட்டா மறுபடி கழுவு" என்றாள். கிழவர் தண்ணீர் குடிக்கும்வரை நின்றாள். திரும்பவும் தொட்டிக்குப் போனாள். திரும்பவும் முப்பது.

கையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது நடையில் கண்ணையன் இல்லை. வாசல் கதவு ஆடி அடங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெயிலில், அவன் இரண்டு காலில் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். அவன் வெளியே நடந்து போனதை ஊரே பார்த்தது, அவள் மட்டும் பார்க்கவில்லை. பைகளை எடுத்துக்கொண்டு அவளும் வெளியே நடந்தாள்.